காளிச்சாமி கொண்டுவந்த பதக்கம்

கோட்டைமேட்டில் ஆசிப் வைத்திருந்தது மூக்குக்கண்ணாடிக் கடை. ஆனால் கண்ணாடி தேவைப்படாதவர்களும் அவரைத் தேடி வருவதுண்டு. பரணை ஒழிக்கும்போது கிடைத்த நாணயம், பட்டாளத்தில் இருந்த மாமனாரின் பதக்கம் என்று எதையாவது துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க பாய்" என்பார்கள். ஆசிப் பார்த்துச் சொல்வார். அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அதில் பாதி ஜப்பானியப் பதக்கங்களைச் சேர்ப்பதிலேயே போயிருந்தது.

முதலில் வாங்கியது மூன்று கால் காக்கை பொறித்த ஒரு வெண்கலப் பதக்கம். அதன் பெட்டியின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத எரிச்சலில்தான் அந்த எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினார். இன்றைக்கும் ஒரு ஜப்பானியரிடம் டீ வேண்டும் என்று கேட்க அவருக்குத் தெரியாது. ஆனால் விருதுப் பத்திரம் ஒன்றை விரித்து வைத்தால், எந்தப் பேரரசரின் எந்த ஆண்டு, வாங்கியவன் சிப்பாயா அதிகாரியா, எந்த விருதில் எத்தனையாம் வகுப்பு என்று சொல்லிவிடுவார். எனாமலின் ஓரத்தை லென்ஸில் பார்த்தே அசலையும் போலியையும் பிரிப்பார். உலகெங்கும் இருந்த பதக்கப் பித்தர்கள் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்றில் அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

"செத்துப்போனவங்க சாமானத்தை ஊட்டுக்குள்ள அடுக்கி வெச்சுக்கிட்டு அதுல ஒரு பெருமை" என்பாள் மனைவி நஃபீசா. அவர் சிரித்துக்கொள்வார்.

சித்திரை வெயிலில் ஒரு பிற்பகல் அன்புக்கரசி அந்தக் கடைக்கு வந்தாள். பொள்ளாச்சி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்த கையோடு பஸ் ஏறியிருந்தாள். தலையணை உறை ஒன்றுக்குள்ளிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது எங்க அப்பாருதுங்க. எங்கப்பாவைப் பெத்தவரு. காளிச்சாமின்னு பேரு. மலாயாவுல நேதாஜி படையில இருந்தாரு. அவரோட வீரத்தைப் பாத்து ஜப்பான்காரன் குடுத்ததுங்க."

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே வேப்பங்காட்டுப்புதூர் அவள் ஊர். ஊராட்சி புதிதாக ஒரு நூலகம் கட்டியிருந்தது. அதற்குத் தியாகி காளிச்சாமி பெயரை வைக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது, தோட்டத்துக்கார வீட்டு வம்சி மறுத்திருந்தான். அவர் தியாகி என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தான். நூலகத்துக்கு நிலம் கொடுத்தது அவன் அப்பா. வரும் மே தினக் கிராம சபையில் முடிவு செய்யலாம், ஏதாவது சான்று இருந்தால் கொண்டு வா என்று தலைவர் அன்புக்கரசியிடம் சொல்லியிருந்தார்.

"அப்பாரு தியாகி பென்ஷனுக்குக்கூட எழுதிப் போடலீங்க. எத்தனையோ பேரு சொல்லியும் வேண்டாம்னுட்டாராம். இப்ப இது ஒண்ணுதான் எங்ககிட்ட இருக்குது. இதுல என்ன எழுதியிருக்குதுன்னு நீங்க தமிழ்ல எழுதிக் குடுத்தாப் போதுமுங்க."

ஆசிப் பெட்டியைத் திறந்தார். வெள்ளியில் மூன்று இலைகள், மேலே பூங்கொத்துகள். ஓரங்களில் சிவப்புக் கோடு ஓடிய வெள்ளைப் பட்டு நாடா பழுத்துப் போயிருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று அவர் எதிர்பார்த்ததே இல்லை. பெட்டிக்கு அடியில் எண்ணெய்த்துணியில் மடித்த பத்திரமும் இருந்தது. அதை விரித்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

உதயசூரியன் விருது, எட்டாம் வகுப்பு. கடைசி வகுப்பு. சாதாரணச் சிப்பாய்களுக்குக் கொடுப்பது. தேதி ஷோவா பதினைந்தாம் ஆண்டு, அதாவது 1940. சீனாவில் சண்டையிட்ட ஒரு ஜப்பானியச் சிப்பாய்க்குத் தந்தது. அப்போது ஜப்பான் மலாயாவுக்குள் காலே வைக்கவில்லை. நேதாஜியின் படை என்று ஒன்று இல்லவும் இல்லை.

அவர் நிமிர்ந்தார். அன்புக்கரசி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரு இருக்கற எடத்துல ஈரம் பட்டிருக்குதுங்க சிஸ்டர். ரெண்டு மூணு நாள் எங்கிட்ட இருக்கட்டும். சரியாப் படிச்சுட்டுச் சொல்றேன்."

அது பொய்யல்ல. பெயரின் முதல் எழுத்து, கோடுகள் நெருக்கியடித்த பழைய எழுத்து, ஊறிப்போய் ஒரு கறையாகத் தெரிந்தது. ஆனால் மற்றதை அப்போதே அவர் சொல்லியிருக்கலாம். அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை.

அவள் போன பிறகு பத்திரத்தைப் படமெடுத்து இணையக் குழுவில் போட்டார். கிணத்துக்கடவுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இதை வைத்திருக்கிறது, நேதாஜி படையில் இருந்த தங்கள் தாத்தாவுக்குக் கிடைத்தது என்று நம்புகிறார்கள், உண்மையில் இது ஒரு ஜப்பானியச் சிப்பாயுடையது, முதல் எழுத்தைப் படிக்க யாராவது உதவுங்கள் என்று எழுதினார். எழுதும்போது அவருக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. சிப்பாய்கள் இந்தப் பத்திரங்களை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போருக்குப் போவார்கள். இவன் கையோடு எடுத்துப் போயிருக்கிறான். அப்படி ஒன்றை எங்கேயும் பார்த்ததில்லை என்று குழுவில் ஆளாளுக்கு வியந்தார்கள். கியோட்டோவிலிருந்து ஒருவர் எழுத்தைப் படித்துச் சொன்னார். அது ஆமையைக் குறிக்கும் எழுத்து. சிப்பாயின் பெயர் கமேயாமா தொகுஜி.

அதே குழுவில் பொள்ளாச்சிக்காரர் ஒருவரும் இருந்தார், நாணயம் சேர்க்கிறவர். அவர் அந்தப் பதிவைத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார். அது கைமாறிக் கைமாறி வம்சியின் போனுக்கு வந்து சேர்ந்தது.

ஆசிப் அன்புக்கரசியைப் போனில் கூப்பிட்டபோது, "எனக்கு வந்துருச்சுங்க பாய்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். மறுநாள் நேரில் வந்தாள். உட்காரவில்லை. போனை நீட்டினாள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் பத்திரத்தின் படத்துக்குக் கீழே, 'செத்த சோல்ஜர் பையில் கை விட்டவருக்கு நூலகமா?' என்று வம்சி எழுதியிருந்தான். அதற்கு நிறையச் சிரிப்புகள் விழுந்திருந்தன.

"எங்கிட்டச் சொல்றதுக்கு முன்னால ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டீங்களே."

"உங்க பேரை நான் போடலீங்க சிஸ்டர்."

"கிணத்துக்கடவுப் பக்கத்துல ஜப்பான் பதக்கம் வெச்சிருக்கற ஊடு எத்தனைங்க இருக்குது?"

கண்ணாடி வாங்க வந்திருந்த ஒருவர் நிலைமையைப் பார்த்து வெளியே போய் நின்றுகொண்டார்.

"அவரு திருடினாருங்களா? உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாதுங்க. பத்திரம் யாரோடதுன்னு மட்டுந்தான் என்னால சொல்ல முடியும். உங்க அப்பாரு கைக்கு எப்படி வந்துதுன்னு அதுல இல்லை."

அன்புக்கரசி போனைப் பைக்குள் வைத்தாள். "எங்க அத்தை இருக்காங்க. அப்பாரோட மக. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்களும் வாங்க பாய். அந்தப் பேரை நீங்களே வந்து படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

அத்தை சின்னாத்தாள் பெரியநாயக்கன்பாளையத்தில், பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்த்த மகன் எழிலோடு இருந்தார். எழுபத்தைந்துக்கு மேல் வயது. அவர்கள் போனபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் டிவியை நிறுத்தச் சொன்னார்.

"ஏனுங்க, இதை எதுக்கு வெளிய எடுத்தீங்க?"

அன்புக்கரசி நடந்ததைச் சொன்னாள். பிறகு ஆசிப்பைப் பார்த்தாள். அவர் பத்திரத்தை விரிக்காமலே, "இது கமேயாமா தொகுஜின்னு ஒரு சிப்பாயோடதுங்கம்மா" என்றார்.

சின்னாத்தாள் கத்தியைக் கீழே வைத்தார். "கம்மியாமா" என்றார். "எங்கய்யன் வாயில அது கம்மியாமா. குடிச்சா அந்தப் பேரைச் சொல்லித்தான் வையும். எங்கம்மாகிட்டச் சொல்றதை நான் பாயில படுத்துக்கிட்டுக் கேட்டிருக்கறேன்."

"அப்பாரு படையில இருந்தாரா, இல்லையா?"

"படையுமில்லை, பட்டாளமுமில்லை அம்மணி. எங்கய்யனும் அவரு தம்பி மாரனும் ரப்பர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவங்க. ஜப்பான்காரன் வந்து லாரியில ஏத்தி சயாம் காட்டுக்குக் கொண்டுபோயிட்டான், ரயில்ரோடு போடறதுக்கு. மண்ணு வெட்டிப் போட்டாங்க. அங்க காலரா வந்துருச்சு. தெனமும் சாவு. பொதைக்க முடியாம அடுக்கி வெச்சு எரிச்சாங்க. எங்கய்யனுக்கு அந்த வேலை."

சின்னாத்தாள் பேசும்போது யாரையும் பார்க்கவில்லை. நறுக்கிய காயை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டே இருந்தார்.

"ஒரு நாளைக்கு எங்க சித்தப்பனையும் அங்க கொண்டாந்து போட்டிருக்குது. ஐயன் காலைப் புடிச்சுத் தூக்கினா, காலு சூடா இருக்குது. சித்தப்பன் கண்ணு முழிச்சு, அண்ணா தண்ணின்னு கேட்டிருக்குது. காவலுக்கு நின்னவன் இந்தக் கம்மியாமா. உசுரு இருக்குதுங்கன்னு ஐயன் கும்புட்டுச் சொன்னாராம். அவன் துப்பாக்கிக் கட்டையில முதுகுல ஒண்ணு போட்டு, கையைக் காட்டினானாம். போடுன்னு."

"அப்புறம்?"

"போட்டாரு."

அன்புக்கரசி அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கய்யன்தான் போட்டாரு கண்ணு. காலுப் பக்கம் அவரு. தலைப் பக்கம் வேற ஒருத்தரு."

வெளியே மேட்டுப்பாளையம் சாலையில் லாரிகள் போகிற சத்தம் கேட்டது. அன்புக்கரசி மெதுவாக, "காலராவுக்குத் தண்ணிதான் மருந்துங்க அத்தை. உப்பும் சக்கரையும் கலந்த தண்ணி. அது குடுத்திருந்தாப் பொழைச்சிருப்பாரு" என்றாள். ஆஸ்பத்திரியில் தினமும் சொல்கிற வாக்கியம்.

"அப்ப இந்தப் பொட்டி?" என்று அவளே கேட்டாள்.

"சண்டை முடிஞ்சுபோச்சுன்னு சொன்னாங்களாம். ஜப்பான்காரன் கூட்டம் கூட்டமாக் கெளம்பிப் போறான். கம்மியாமாவுக்குக் காச்சல். குடிசையில உட்டுப்போட்டுப் போயிட்டாங்க. எங்கய்யன் உள்ள போயிருக்காரு. அவன் இவரைப் பாத்து வாயைத் தொறந்து காட்டினானாம். ஐயன் கையில தண்ணி இருந்துது. பக்கத்துலயே உக்காந்துக்கிட்டாரு. குடுக்கலை. அவன் அடங்கற வரைக்கும் உக்காந்திருந்தாராம். பொறகு அவன் பையிலிருந்து இதை எடுத்தாரு. ஊருக்கு வந்ததும் சின்னவன் எங்கடான்னு ஐயனைப் பெத்த ஆத்தா கேட்டாங்க. ஐயன் ஒண்ணும் பேசாம இந்தப் பொட்டியை அவங்க முன்னால வெச்சாராம்."

ஆசிப் அந்தப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். அதன் அரக்குப் பூச்சு எங்கே பெயர்ந்திருக்கிறது, எந்த எழுத்து தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதை எடுத்துத் தரையில் வைத்தார்.

நேதாஜி படைக் கதை எப்படி வந்தது என்று அன்புக்கரசி கேட்டாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் ஜப்பான் எழுத்தைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னது என்றார் சின்னாத்தாள். அடுத்த சுதந்திர தினத்துக்குக் காளிச்சாமியைக் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். காலனியிலிருந்து ஒருவரை அந்தப் பள்ளிக்கூடத்தில் நாற்காலியில் உட்காரவைத்தது அதுதான் முதல் தடவை.

"ஐயன் இல்லைன்னு சொல்லலை. உக்காந்துக்கிட்டாரு. அதுக்கப்பறந்தான் எங்களையெல்லாம் வகுப்புக்குள்ள மத்த புள்ளைங்களோட உக்கார உட்டாங்க. அந்த நாற்காலி இல்லாட்டி உங்கப்பனும் படிச்சிருக்க மாட்டான், நீயும் நர்ஸ் ஆகியிருக்க மாட்டே."

திரும்பி வரும்போது ஆசிப்தான் கார் ஓட்டினார். கவுண்டம்பாளையம் தாண்டிய பிறகு பேச்சை எடுத்தார். "சிஸ்டர், நான் வேற மாதிரி எழுதித் தர்றேன். நான் சொன்னா அந்தக் குழுவுல ஒத்துக்குவாங்க. செத்துப்போன சிப்பாயோட விருதை, கூடப் போரிட்ட இந்தியருக்கு மரியாதையாக் குடுத்திருக்கலாம்னு எழுதறேன். இல்லைன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது."

"பொய்யிங்களே பாய்."

"என்னாலதானுங்க இவ்வளவும்."

அன்புக்கரசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்க எழுதிக் குடுத்தா அப்பாரு பேரை வெச்சுருவாங்க. மாரன்னு ஒருத்தர் இருந்ததே யாருக்கும் தெரியாது. எனக்கே இன்னைக்குத்தானுங்க தெரியும்."

மே தினத்தன்று கிராம சபை நூலகக் கட்டடத்துக்கு முன்னால் பந்தல் போட்டு நடந்தது. ஆசிப்பும் போயிருந்தார். குடிதண்ணீர், தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு பெயர் விஷயம் வந்தது. வம்சி எழுந்து போனிலிருந்து ஆசிப்பின் பதிவைப் படித்தான். அதை எழுதிய நிபுணரே இங்கே உட்கார்ந்திருக்கிறார், வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள் என்றான். ஆசிப் எழுந்து, பத்திரத்தைப் பற்றி எழுதியது உண்மை, மற்றதை அன்புக்கரசி சொல்வார் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

அன்புக்கரசி மைக்கை வாங்கி முழுவதையும் சொன்னாள். குடிசையில் தண்ணீர் கொடுக்காமல் உட்கார்ந்திருந்ததையும் சொன்னாள். அதை விட்டுவிடுங்கள் என்று ஆசிப் முன்பே கெஞ்சியிருந்தார். அவள் கேட்கவில்லை. பாதியைச் சொன்னால் மீதியை நாளைக்கு வேறு யாராவது தோண்டி எடுத்துப் போடுவார்கள் என்றாள்.

"எங்க அப்பாரு தியாகி இல்லீங்க. நம்ம ஊர்லிருந்து ரயில்ரோடு போடப் போயி, ஒருத்தர் உசுரோட எரிஞ்சுபோனாரு, இன்னொருத்தர் அந்தக் கையோட திரும்பி வந்தாரு. தியாகின்னு போட வேண்டாம். மாரன் காளிச்சாமி நூலகம்னு ரெண்டு பேரு பேரையும் வையுங்க. அவ்வளவுதானுங்க நான் கேக்கறது."

முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆசிப்புக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது.

வம்சி மரியாதையாகவே பேசினான். "கேக்கறதுக்கே கஷ்டமாத்தான் இருக்குதுங்க. ஆனா தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காம சாகடிச்சாருன்னு நீங்களே மைக்ல சொல்லிட்டீங்க. புள்ளைங்க படிக்க வர்ற எடத்துக்கு அந்தப் பேரை எப்படிங்க வெக்கறது?"

கை தூக்கச் சொன்னார்கள். அவள் கேட்டதற்குக் காலனியிலேயே பாதிப் பேர் கை தூக்கவில்லை. ஊராட்சி நூலகம் என்று மட்டும் இருக்கட்டும் என முடிவாகிக் கூட்டம் கலைந்தது. அப்போது காலனியைச் சேர்ந்த, பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா அன்புக்கரசியின் எதிரே வந்து நின்றார்.

"நாற்காலி உங்க அப்பாருக்கு மட்டும் போட்டதில்லை அம்மணி. எங்க எல்லாருக்கும் சேத்துப் போட்டது. அவரு செத்த பொறகும் வருஷா வருஷம் நம்ம தெருவுல ஒருத்தரைக் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. வம்சி எடுக்கப் பாத்தான், முடியலை. நீ வந்து எடுத்துப்போட்டே."

சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் அவளைக் கடந்து போனார்கள். பந்தல்காரர்கள் துணியை அவிழ்க்க வந்தபோது அவளும் ஆசிப்பும் மட்டுமே நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த ஆகஸ்டு பதினைந்துக்குப் பள்ளிக்கூடத்தில் காலனியிலிருந்து யாரையும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அன்புக்கரசி அன்று கேட்டு வாங்கி டியூட்டி பார்த்தாள். ஆசிப் தன் பதிவை முன்பே அழித்துவிட்டிருந்தார். ஆனால் படம் அதற்குள் எத்தனையோ இடங்களுக்குப் போயிருந்தது. அபூர்வமான விருது விற்பனைக்கு வருமா என்று அவருக்குச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அவர் எதற்கும் பதில் போடவில்லை. கடையின் பின்னறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பத்திரங்களைக் கழற்றி அடுக்கியபோது, ஏன் என்று நஃபீசா கேட்டாள். "ஒவ்வொண்ணுலயும் ஒரு பேரு இருக்குது. அவன் என்ன பண்ணினான்னு அதுல இல்லை" என்றார். அவள் ஒரு பழைய போர்வையைக் கொண்டுவந்து அவற்றின்மேல் மூடினாள்.

புரட்டாசி அமாவாசைக்கு மாரனுக்குத் திதி கொடுக்க வேண்டும் என்று சின்னாத்தாள் ஒற்றைக்காலில் நின்றார். எழிலுக்கு லீவு கிடைக்கவில்லை. அன்புக்கரசி தயங்கித் தயங்கி ஆசிப்புக்குப் போன் செய்தாள். அவர் காரை எடுத்துக்கொண்டு வந்தார். பவானி கூடுதுறையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். ஆசிப் படித்துறையின் மேலேயே நின்றுகொண்டார். கீழே புரோகிதர் இறந்தவரின் பெயர் கேட்டார், சொன்னார்கள். இறந்த திதி கேட்டார், தெரியவில்லை. பிள்ளைகள் உண்டா என்று கேட்டார், இல்லை. அன்புக்கரசி எள்ளும் தண்ணீரும் விட்டாள். சின்னாத்தாள் இரண்டு கைகளிலும் தண்ணீரை அள்ளி அள்ளி, போதும் என்று புரோகிதர் சொன்ன பிறகும் விட்டுக்கொண்டே இருந்தார்.

மேலே ஏறி வந்ததும் அன்புக்கரசி பையிலிருந்து பெட்டியை எடுத்தாள். "இதையும் ஆத்துல உட்டுரலாமுங்களா அத்தை? இனி எதுக்கு இது நமக்கு?"

சின்னாத்தாள் ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டிருந்தார். "வேண்டாம். ஆத்துல போட்டா அவனுக்கும் தண்ணி கெடைச்சுப்போகும்."

அன்புக்கரசி ஆசிப்பைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். மூவரும் கூட்டத்தில் இடித்துக்கொண்டு கார் நின்ற இடத்துக்கு நடந்தார்கள். பெருந்துறையில் ஒரு கடையில் நிறுத்தி டீ சொன்னார் ஆசிப். சின்னாத்தாள் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருந்தார்.